பூமிக்குள் வைத்த காற்று

1

எங்கள் நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. சென்ற வாரம் அங்கே என் மகள் நந்தினிக்கு 'என் பெற்றோரின் வேலை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் அகராதியைப் பார்த்து இப்படி எழுதியிருந்தாள்: "என் அம்மா காற்றை நல்லடக்கம் செய்கிறார்."

ஆசிரியை சிரித்துக்கொண்டே எனக்குக் காட்டினார். புதைப்பதற்கு அகராதியில் இருந்த சொற்களில் இதுதான் மரியாதையாகத் தெரிந்தது என்றாள் நந்தினி. நான் திருத்தவில்லை. ஐப்பசி நெருங்குகிறது, ஊரில் என் அக்கா புருஷனுக்குத் திதி கொடுப்பார்கள். அந்த நினைப்பில் இருந்த எனக்கு அந்தச் சொல் தவறாகவே படவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் நாங்கள் இருக்கும் பகுதி சமவெளி. கண்ணுக்கெட்டிய வரை கோதுமை, அதன் நடுவே பழைய எண்ணெய்க் கிணறுகள். வெகு தூரத்தில் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போக வேண்டிய கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, ஏறக்குறைய திரவம் போலாக்கி, குழாயில் இங்கே கொண்டுவருகிறார்கள். எண்ணெய் எடுத்துத் தீர்ந்துகொண்டிருக்கும் பாறைக்குள், ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, அதைச் செலுத்துகிறார்கள். வானத்தில் சேர்ந்தால் பூமி சூடாகும். பாறைக்குள் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

அது அங்கேயே இருக்கிறதா, மேலே கசிகிறதா என்று பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. வயல்களில் குழாய் நட்டு, மண்ணுக்குள் இருக்கும் காற்றை எடுத்துச் சோதிப்பேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது 'மண் பரிசோதனை' என்றுதான் சொல்லியிருந்தேன். நிமிடத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அதற்கு மேல் விளக்க முடியாது.

2

எங்கள் வீடு திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் தெருவில் இருந்தது. அப்பா, எங்களுக்கு நைனா, அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தார். அக்கா கஸ்தூரியை கே.ஜி.கண்டிகையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா புருஷனை பாவா என்போம். பெயர் முனிரத்தினம். நெல்லும் கரும்பும் போடுவார்.

சென்னையில் நிலவியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது, அது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பாவாதான் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "தண்ணி எங்க கீதுன்னு சொல்ற படிப்பு" என்று விளக்கினார். படித்து முடித்ததும் அவர் நிலத்தில் போர் போட இடம் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருடைய நிலத்தின் மூலையில் ஒரு பழைய கிணறு, வருடக்கணக்காகப் புழங்காமல் முள் போட்டு மூடிக் கிடந்தது. ஐப்பசி பிறந்ததும், மழை வலுப்பதற்குள் அதைத் தூர் வாரலாம் என்று ஏழுமலை என்ற ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். ஏழுமலை முதலில் இறங்கினார். அடிக்குப் போனதும் உட்காருவது போல் மடிந்து விழுந்தார். வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து பாவா அவசரமாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினார். பாதிக் கிணறு தாண்டியதும் அவர் கைகள் கயிற்றை விட்டுவிட்டன. சோறு கொண்டுபோன அக்கா மேலே நின்று இதைப் பார்த்தாள்.

முனி அடித்துவிட்டது என்றது ஊர். விஷவாயு தாக்கியதாகச் செய்தித்தாளில் வந்தது. நான் கல்லூரியில் என் பேராசிரியரிடம் போய் அது என்ன விஷம் என்று கேட்டேன். விஷம் ஒன்றுமில்லை, நாம் மூச்சில் வெளியே விடும் கரியமில வாயுதான் என்றார். காற்றைவிடக் கனமானது. இலை தழை அழுகிய இடத்தில் உண்டாகி, காற்றோட்டமில்லாத கிணற்றின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். நிறமில்லை. இறங்குபவனுக்கு அங்கே சுவாசிக்கக் காற்று இல்லை என்பது இறங்கும்வரை தெரியாது.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். சோடாவில் பொங்குவதும் அதே காற்றுதான் என்று, புரியட்டுமே என்று, சேர்த்துச் சொன்னேன்.  அவள், சோடாவில் இருக்கிற காற்றா அவரைக் கொன்றது என்று கேட்டாள். அதற்குப் பிறகு திருத்தணி பேருந்து நிலையத்தில் எவ்வளவு வெயிலடித்தாலும் அவள் சோடா குடித்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். சில வருடங்களில் கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. நான் மேல்படிப்பு, கல்யாணம், விமானம் என்று போய்விட்டேன்.

3

அக்காவை ஒரு முறையாவது இங்கே அழைத்துவர ஆசைப்பட்டேன். முதல் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். கணவனும் பிள்ளையும் சொந்த நிலமும் இல்லாத பெண் ஊருக்குத் திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது அவர்கள் கேள்வி. பாவாவின் நிலம் அவர் தம்பிகள் பெயருக்குப் போயிருந்தது. மறுமுறை, பள்ளி திறக்கும்போது இந்த அம்மாள் வராவிட்டால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு நின்றுவிடும் என்று தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கி இணைத்தோம். அதை நம்பினார்களோ என்னவோ, விசா வந்தது.

அவள் வந்தது இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதம். பனி உருகி வயல்கள் சேறாகக் கிடந்தன. என் கணவர் வடக்கே வேலை பார்த்ததால் வார இறுதியில்தான் வருவார். நானும் வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டு வரும் நந்தினியும் அக்காவும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். எங்களிடம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லப் பழகியிருந்த நந்தினிக்கு அக்காவிடம் அது செல்லவில்லை. 'ஆங்' போடக் கற்றுக்கொண்டாள். 'இன்னா பெரிம்மா' என்றாள். தமிழ் வகுப்பு ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"அவர எடுத்துக்கினு போன காத்ததான் நீ பூமிக்குள்ள வுட்டுகினு கீறியா?"

நந்தினி சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்றேன். அருகில் உட்கார்ந்து விளக்கினேன். கீழே குளம் போல வெற்றிடம் எதுவும் இல்லை, செங்கல்லில் தண்ணீர் ஊறுவது போல அது பாறைக்குள் ஊறி நிற்கிறது. அதற்கு மேலே காற்றுப் புகாத வேறு பாறை, தடிமனாக, மூடி மாதிரி. நாளாக ஆக அது அங்கிருக்கும் உப்புத் தண்ணீரில் கரையும். வெகு காலத்தில் கல்லாகவே மாறும். ஆபத்து என்றால் அந்தக் காலத்தில் தோண்டிச் சரியாக அடைக்காமல் விட்ட எண்ணெய்க் கிணறுகள்தான். அவற்றின் வழியே மேலே வர வாய்ப்புண்டு. அதனால்தான் கண்காணிக்கிறோம்.

"யாரு பாத்துக்கினு இருப்பாங்க?"

"நான்தான். என்ன மாதிரி ஆளுங்க."

"நீ செத்துட்டா?"

வேறு யாராவது பார்ப்பார்கள் என்றேன். எத்தனை காலத்துக்கு என்றாள்.  செலுத்தி முடித்து நிறுவனம் கிளம்பிய பிறகு அந்த வாயுவுக்கு யார் பொறுப்பு என்பதற்கான விதியை அரசாங்கம் அப்போது இன்னும் எழுதி முடிக்கவில்லை. இதையும் அவளிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

4

ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் ஹெலன் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். எழுபது வயதைக் கடந்தவர், தனியாக இருக்கிறார், கோதுமை விவசாயி. அவர் நிலத்திலும் எங்கள் குழாய்கள் நட்டிருந்தன. திட்டம் தொடங்கியபோது வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர். அவருடைய நாய் காய்கறி நிலவறைக்குள் போனது திரும்பவில்லை, கூப்பிட்டால் குரலும் இல்லை, உங்கள் வாயு மேலே வந்துவிட்டது என்றார்.

நிலவறை என்பது வீட்டுக்கு வெளியே மண்ணில் தோண்டிய பள்ளம். மேலே சாய்ந்த கதவு, உள்ளே மரப்படிகள். குளிர்காலத்துக்கு உருளைக்கிழங்கு சேர்த்து வைப்பார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது எங்கள் விதி. கூட வேலை செய்பவர் வேறொரு வயலிலிருந்து நேரே அங்கு வருவதாகச் சொன்னார். அலுவலகத்திலிருந்து இந்தச் செய்தி எனக்கு வந்தபோது அக்கா வண்டியில் என்னுடன் இருந்தாள். வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று சமவெளியைக் காட்டக் கூட்டிப் போயிருந்தேன். ஹெலன் சொன்னதை வழியில் அவளுக்குச் சொன்னேன். 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலவறைக் கதவு திறந்திருந்தது. ஹெலன் கையில் விளக்குடன் நின்றார். இறங்க வேண்டாம், காற்றைச் சோதிக்கும் கருவியை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வண்டியின் பின்பக்கம் போனேன். கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது ஹெலனின் குரல் உயர்வதைக் கேட்டுத் திரும்பினேன்.

அவர் நாயின் பெயரைச் சொல்லிக்கொண்டே முதல் படியில் கால் வைத்திருந்தார். அக்கா பின்னாலிருந்து அவர் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெலன் அவளைவிட ஒரு தலை உயரம். உதறினார், விடச் சொல்லி அதட்டினார். அக்கா கால்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றாள். முந்தானை சேற்றில் கிடந்தது.

"எறங்காதீங்கம்மா. எங்க வூட்டுக்காரரும் இப்டிதான் எறங்கினாரு. இதே மாதிரிதான்."

நான் ஓடிவந்து அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் உதறுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். மெதுவாகக் காலை எடுத்து, அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் அக்கா சட்டையை விடவில்லை.

கையடக்கமான அந்தக் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். பாதிப் படிகூடத் தாண்டியிருக்காது. அலறத் தொடங்கியது. இன்னும் கீழே விட்டேன். அடியில் மனிதர் உயிர் பிழைக்கும் அளவுக்கு ஆக்ஸிஜன் இல்லை.

அதற்குள் கூட வேலை செய்பவரும் வந்துவிட்டார். அவர் அழைத்த தீயணைப்புக்காரர்கள் முகமூடியும் முதுகில் காற்று உருளையுமாக வந்து, செத்துக் கிடந்த நாயை எடுத்தார்கள். ஹெலன் அதை மடியில் வைத்துக்கொண்டார். நான் காற்றைப் புட்டிகளில் பிடித்தேன். அக்கா அந்தச் சின்னக் கருவியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் கேட்டாள். "இவ்ளோதானா அது? கயித்துல கட்டி வுட்டா தெரிஞ்சிடுமா?"

ஆமாம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

5

அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. நிலவறையின் பின்மூலையில் பனி உருகிய தண்ணீர் புகுந்து, மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு அழுகியிருந்தது. அதிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் வயலில் மூடப்பட்ட எண்ணெய்க் கிணறு ஒன்றும் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நாங்கள் கீழே செலுத்துவது நிலக்கரியிலிருந்து வந்த கரி. கோடிக்கணக்கான வருடப் பழசு. அழுகிய கிழங்கிலிருந்து வருவது போன வருடத்துக் கரி. இரண்டையும் ஆய்வகத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிவு வரும்வரை ஹெலனிடம் எதுவும் பேசக்கூடாது என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஹெலனை இழுத்துப் பிடித்தபோது அக்காவின் முழங்கைகளில் பட்ட சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது இதையும் அவளிடம் சொன்னேன்.

"உங்களுதுன்னு தெரிஞ்சா அந்தம்மாகிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"வேல போயிடும்னா?"

எனக்கு இங்கே வேலை கிடைக்க நான்கு வருடமானது. ஊரில் படித்த படிப்பை இவர்கள் ஏற்றுக்கொள்ளாமல் மறுபடி பரீட்சை எழுதி, அதுவரை ஒரு பல்பொருள் அங்காடியில் நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"அப்பவும் சொல்லுவேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், முடிவு வரும்வரை எனக்கே நிச்சயமாகத் தெரியாது. 

முடிவு வந்தது. நிலவறையில் இருந்தது புதிய கரி. கிழங்கு அழுகியதுதான் காரணம். எங்கள் வாயு அதில் துளியும் இல்லை. மேலாளர் நிம்மதியாக, இப்போது போய் அந்த அம்மாளிடம் சொல் என்றார். நான் போய்ச் சொன்னேன். ஹெலன் தாளை வாங்கிப் படித்தார். சம்பளம் வாங்குபவர்கள் வேறு எதைச் சொல்வார்கள் என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆனால் அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க நகரத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டில் செய்த ரொட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார், அக்காவுக்காக. அக்கா அவருக்கு இட்லி வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு ஹெலன் நந்தினியைக் கூப்பிட்டு, உன் பெரியம்மாவிடம் ஒன்று கேள் என்றார். உன் அம்மா கொடுத்த முடிவை அவர் நம்புகிறாரா?

நந்தினி தட்டுத் தடுமாறிக் கேட்டாள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா. ஆனா அவ சொன்னான்னு நீங்க வுட்டுடாதீங்க. வேற ஆளவெச்சும் பாத்துடுங்க."

மகள் என்னைப் பார்த்தாள், இதை அப்படியே சொல்லலாமா என்று. தலையசைத்தேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள். ஹெலன் முதல்முறையாகச் சிரித்தார்.

அவர் கேட்டபடி மீதமிருந்த புட்டிகளை வேறு மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பினோம். அனுப்ப வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததில் மேலாளருக்கு வருத்தம். அந்த வருடம் என் பதவி உயர்வு தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கிருந்தும் அதே முடிவு வந்தது. ஹெலன் தன் நிலத்தில் இன்னும் இரண்டு இடங்களில் குழாய் நடச் சொன்னார். எங்கே என்று அவரே காட்டினார்.

6

ஜூலையில் அக்கா புறப்பட்டாள். பள்ளி ஏற்கெனவே திறந்துவிட்டது. நீட்டித்த விடுப்புக்குத் தலைமையாசிரியர் கடுமையாகப் பேசியிருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டேன். புடவையோ வாசனைத் திரவியமோ கேட்கவில்லை. அந்தக் கருவி ஒன்று என்றாள். ஆக்ஸிஜன் குறைந்தால் அலறும் எளிய வகை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். சென்னை விமான நிலையத்தில் சுங்கக்காரர் அதை எடுத்து வைத்துக்கொண்டு என்னவென்று கேட்க, காத்து பார்க்கிற மிஷின் என்றிருக்கிறாள். காற்றை எப்படியம்மா பார்ப்பது என்று சிரித்துவிட்டு அவர் விட்டுவிட்டாராம்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதெல்லாம் பள்ளி, முட்டை விலை, நைனாவின் இருமல். நானும் கேட்கவில்லை. ஹெலனுக்கு மட்டும் நந்தினி மூலமாக அவ்வப்போது ஒரு விசாரிப்பு வரும்.

இங்கே போன கோடையில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைத்தாள். அங்கே சாயங்காலம். பள்ளிக்குப் பக்கத்து நிலத்தில் பழைய கிணறு ஒன்றைத் தூர் வார மூன்று ஆட்கள் வந்திருக்கிறார்கள். சமையல் முடித்த கையோடு அக்கா கருவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆட்கள் முதலில் கேலி செய்தார்களாம். சத்துணவம்மா கிணற்றுக்கு ஜுரம் பார்க்க வந்திருக்கிறார் என்றார்களாம். கயிற்றில் கட்டி இறக்கினாள். பாதியிலேயே அது கத்தத் தொடங்கியது. கேலி நின்றது.

பிறகு வேப்பந்தழையைப் பெரிய கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் இறக்கியும் ஏற்றியும் காற்றைக் கலக்கினார்கள். தண்ணீரை வாளி வாளியாக மேலிருந்து வீசினார்கள். அக்கா மறுபடி கருவியை இறக்கினாள். கத்தியது. மறுபடி தழை, மறுபடி தண்ணீர். அது வாயை மூடிக்கொண்டு அடிவரை போன பிறகுதான் முதல் ஆளை இறங்க விட்டாள். அவர் வேலை முடித்து ஏறும்வரை கிணற்று மேட்டிலேயே நின்றாள். கருவி கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் காலணியை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"இன்னா ஆவும்?" என்றாள் அக்கா. "ஒண்ணும் ஆவல. மூணு பேரும் டீ குடிச்சிட்டு வூட்டுக்குப் போனாங்க."